லவ்டேல் லாரன்ஸ் பள்ளியின் வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டிக்கு வரும் உறவினர்களும், எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளும் லவ்டேல் லாரன்ஸ் பள்ளியைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் இடம் என்பதோடு நம்மில் பலர் நின்றுவிடுகிறோம். அதன் கதை எழும்பூரில், மணல் பரப்பிய ஒரு வகுப்பறையில் ஆரம்பிக்கிறது. அந்த மணல் நம் திண்ணைப் பள்ளியிலிருந்து போனது. இதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும் என்பதே இதை எழுதுவதற்குக் காரணம்.

லவ்டேல் எங்கே இருக்கிறது?

ஊட்டிக்கும் கேத்திக்கும் நடுவில், கடல் மட்டத்திலிருந்து 7,000 அடிக்கு மேல். மலை ரயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்து வந்தால் கேத்தியை அடுத்து வரும் சிறிய நிலையம் அது. பஸ்ஸில் வருகிறவர்கள் ஊட்டியிலிருந்து சில கிலோமீட்டர் வந்தால் போதும்.

பள்ளி எப்போது தொடங்கியது?

1858 செப்டம்பர் 6. ஆனால் அப்போது அது லவ்டேலில் இல்லை, ஊட்டியில் இருந்தது. இன்று நாம் பார்க்கும் வளாகத்துக்கு அது வந்து சேர மேலும் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. பிரிட்டிஷ் பட்டாளத்துச் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கும், தகப்பன் உயிரோடு இருந்தும் கவனிப்பார் இல்லாத பிள்ளைகளுக்கும் ஏற்படுத்திய விடுதி அது. ‘லாரன்ஸ் அசைலம்’, அதாவது லாரன்ஸ் புகலிடம், என்பது அதன் முதல் பெயர். கட்டணம் கட்டிப் பிள்ளையைச் சேர்க்க வரிசையில் நிற்கும் இன்றைய நிலைக்கும் அந்தத் தொடக்கத்துக்கும் எவ்வளவு தூரம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

லாரன்ஸ் யார்?

சர் ஹென்றி மாண்ட்கோமரி லாரன்ஸ். 1806-ல் இலங்கையில், மாத்தறையில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் பீரங்கிப் படை அதிகாரியாக இருந்து, பஞ்சாபை நிர்வகிக்கும் பொறுப்புக்கு உயர்ந்தவர். 1857 பெருங்கிளர்ச்சியின்போது லக்னோ முற்றுகையில் குண்டுக் காயம் பட்டு ஜூலை 4 அன்று இறந்தார். பின்னாளில் வைஸ்ராயாக இருந்த ஜான் லாரன்ஸ் இவருடைய தம்பி.

ஊட்டி விடுதி திறந்ததை அவர் பார்க்கவில்லை. அவர் இறந்து ஓராண்டுக்குப் பின், அவர் நினைவாகத் திறக்கப்பட்டது அது.

அவரை எப்படி எடைபோடுவது என்று கேட்பவர்களும் உண்டு. நம் நாட்டை ஆள வந்த கம்பெனியின் அதிகாரி அவர். அதில் மாற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தன் படையின் கடைநிலைச் சிப்பாய் செத்துப்போனால் அவன் பிள்ளை என்ன ஆகும் என்று கவலைப்பட்டு, கைப்பணத்தைப் போட்டு வழி தேடியவரும் அவரே. இரண்டையும் சேர்த்துத்தான் அவரைப் பார்க்க வேண்டும்.

லாரன்ஸ் பள்ளிகள் மொத்தம் எத்தனை?

நான்கு. முதலாவது சனாவர், இன்றைய இமாசலப் பிரதேசத்தில் கசௌலிக்கு அருகே. 1847 ஏப்ரல் 15 அன்று தொடங்கியது. இது லாரன்ஸே முன்னின்று தொடங்கி வளர்த்தது. ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் முதலிலிருந்தே ஒரே வளாகத்தில் படித்தார்கள். இரண்டாவது ராஜஸ்தானில் மவுண்ட் அபு, அதுவும் லாரன்ஸ் உயிரோடு இருந்தபோதே தொடங்கியது. மூன்றாவது நம் ஊட்டி. நான்காவது மரீ மலையில் உள்ள கோரா கலி. 1860-ல் தொடங்கியது, இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. மவுண்ட் அபு பள்ளி நாடு விடுதலை அடைந்த பிறகு மூடப்பட்டுவிட்டது. மற்ற மூன்றும் நடக்கின்றன.

நான்குக்கும் ஒரே நிர்வாகம் கிடையாது. ஒரே மனிதரின் எண்ணத்தில் பிறந்து, தனித்தனியாக வளர்ந்தவை அவை. இன்றும் நடக்கும் மூன்றும் ‘ஒருபோதும் தளராதே’ என்ற பொருள்படும் ஒரே ஆங்கில வாசகத்தைத்தான் வைத்திருக்கின்றன. சனாவர் பள்ளியில் மாணவர் இல்லங்கள் நான்கு. இமாலயா, சிவாலிக், விந்தியா என்ற பெயர்களோடு நீலகிரி என்றும் ஓர் இல்லம் உண்டு. தேவதாரு மரங்களுக்கு நடுவே வளரும் ஒரு வடநாட்டுப் பிள்ளை ‘நான் நீலகிரி’ என்று சொல்லிக்கொண்டு விளையாட்டு மைதானத்தில் ஓடுகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. லவ்டேலிலும் நீலகிரி இல்லம் இருக்கிறது. ஆரவல்லி, விந்தியா, சுமேரு ஆகியவை மற்றவை.

நான்கையும் ஏன் மலையில் வைத்தார்கள்?

பிள்ளைகள் சாவதைத் தடுக்க. சமவெளிப் பட்டாளக் குடியிருப்புகளில் வெயிலும், காய்ச்சலும், வயிற்றுப்போக்கும் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோயின. பிழைத்தவர்களுக்கும் பாரக்கில், அதாவது சிப்பாய்களின் குடியிருப்பில், நல்ல சூழல் இல்லை. ஒரே நீளக் கூடத்தில் துணியைத் தொங்கவிட்டுக் குடும்பங்கள் வாழ்ந்தன. சாராயமும் சண்டையும் பிள்ளைகள் கண்முன்னே நடந்தன. தகப்பன் போரில் இறந்தால் தாய் உடனே வேறு சிப்பாயை மணந்தாக வேண்டும், இல்லையென்றால் பட்டாளத்தை விட்டு வெளியேற வேண்டும் என்ற நிலை. பிள்ளைகளை அங்கிருந்து பிரித்து, குளிர்ந்த காற்று உள்ள இடத்தில் வளர்க்க வேண்டும் என்று லாரன்ஸ் நினைத்தார்.

நம் பழனி மலையிலும் இதே காரணம்தான் வேலை செய்தது. மதுரையில் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் மனைவி மக்களைப் பறிகொடுத்த அமெரிக்க மிஷனரிகள் முதலில் சிறுமலைக்குப் போய்ப் பார்த்தார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை. பிறகு 1845-ல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். இந்த மலைகளின் பழைய விடுதிப் பள்ளிகள் பலவற்றுக்கும் பின்னால் சமவெளியில் ஒரு குழந்தைக் கல்லறை இருக்கிறது.

எழும்பூருக்கும் லவ்டேலுக்கும் என்ன தொடர்பு?

ஊட்டியில் லாரன்ஸ் விடுதி தொடங்குவதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்பே மதராஸில் இன்னொரு விடுதி இருந்தது. இராணுவ ஆண் அநாதைகள் விடுதி என்று பெயர். எழும்பூரில் இருந்த பழைய சிறு கோட்டையில் நடந்தது. 1870-களின் தொடக்கத்தில் அந்த விடுதியை நீலகிரிக்கு மாற்றி லாரன்ஸ் விடுதியோடு இணைத்துவிட்டார்கள். ஆகவே லவ்டேல் பள்ளிக்கு இரண்டு தாய்வீடுகள்: ஒன்று லாரன்ஸின் எண்ணம், மற்றொன்று எழும்பூர்.

அந்தக் கோட்டை இருந்த இடத்தில்தான் 1908-ல் எழும்பூர் ரயில் நிலையத்தைத் திறந்தார்கள். மலை ரயில் குன்னூரைத் தாண்டி ஊட்டி வரை வந்ததும் அதே ஆண்டில்.

இணைப்பில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்று உண்டு. எழும்பூர் விடுதியின் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் நம் நாட்டுப் பெண்களுக்கும் பிறந்தவர்கள். அந்தத் தாய்மார்களின் பெயர்கள் அநேகமாக எந்த ஏட்டிலும் இல்லை. சனாவர் விடுதியின் விதிகளிலோ, தாயும் தகப்பனும் ஐரோப்பியராக உள்ள பிள்ளைக்கே முதலிடம். சமவெளி வெயில் அவர்களைத்தான் அதிகம் வாட்டும் என்பது சொன்ன காரணம். இப்படி வெவ்வேறு பார்வையில் பிறந்த இரண்டு விடுதிகளும் கடைசியில் ஒரே மலையில் ஒன்றாயின. நிறத்தைப் பார்த்து வரிசை வைத்த காலத்தின் தடம் இந்தப் பள்ளியின் மேலும் உண்டு. அதை மறைத்து வரலாறு எழுதக் கூடாது.

மணலில் எழுதிய கதை என்ன?

எனக்கு இதுதான் இந்த வரலாற்றின் நெஞ்சு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரப் பாதிரியார் 1787-ல் மதராஸ் வந்தார். 1789-ல் எழும்பூர் விடுதியின் பொறுப்பை ஏற்றார். அதற்குச் சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பள்ளியில் பிள்ளைகள் அதிகம், வாத்தியார்கள் குறைவு. இருந்த வாத்தியார்களுக்கும் மனம் ஒட்டவில்லை. அகர வரிசை கற்கும் சின்னப் பிள்ளைகள் மாதக்கணக்கில் ஒரே எழுத்தில் தேங்கி நின்றார்கள்.

ஒருநாள் காலையில் குதிரையில் போய்க்கொண்டிருந்த பெல், வழியில் ஓர் உள்ளூர்ப் பள்ளியைப் பார்த்தார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, மணலைப் பரப்பி, விரலால் எழுத்தை வரைந்துகொண்டிருந்தார்கள். எழுத்து பிழையானால் கையால் ஒரு தடவல். மணல் மறுபடியும் தயார். காகிதம் வேண்டாம், இறகு வேண்டாம், மை வேண்டாம். நம் தாத்தா பாட்டி காலம் வரை எல்லா ஊர்த் திண்ணைகளிலும் நடந்த காட்சி. விஜயதசமியன்று நெல்லிலோ அரிசியிலோ ‘அ’ எழுதவைக்கும் வழக்கம் அதன் மிச்சம்.

பெல் நேராக விடுதிக்குப் போய், கீழ் வகுப்பில் மணல் பரப்பச் சொன்னார். அந்த வகுப்பின் வாத்தியார் இது நடக்காது என்று கைவிரித்தார். பெல் வாதாடவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனை, சாதாரணச் சிப்பாய் ஒருவரின் மகனை அழைத்து, சின்னப் பிள்ளைகளுக்கு நீயே சொல்லிக்கொடு என்றார். பையன் சொல்லிக்கொடுத்தான், பிள்ளைகளும் கற்றுக்கொண்டார்கள். வாத்தியாரால் முடியாதது என்று ஒதுக்கியதை எட்டு வயதுப் பிள்ளை செய்து காட்டிவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டைப் பெல் கொண்டுவந்தார்.

திண்ணைப் பள்ளியை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே சட்டாம்பிள்ளை என்று ஒரு மூத்த மாணவன் இருப்பான். அவன் முறை வைத்து ஆத்திசூடியையும் எண்சுவடியையும் உரக்கச் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் பாடம் நிற்காது.

பெல் 1796-ல் தாய்நாடு திரும்பி, அடுத்த ஆண்டே லண்டனில் தம் எழும்பூர் அனுபவத்தை அறிக்கையாக அச்சிட்டார். இங்கிலாந்தில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதே மாதிரியான முறையைக் கையாண்டதால், யார் முதலில் கண்டுபிடித்தது என்று இருவரின் ஆதரவாளர்களும் ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டார்கள். திண்ணையில் சட்டாம்பிள்ளையை உட்காரவைத்த வாத்தியாரை அந்தச் சண்டையில் யாரும் சாட்சிக்குக்கூடக் கூப்பிடவில்லை. ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது பிரிட்டனின் ஆயிரக்கணக்கான ஏழைப் பள்ளிகளுக்குப் பரவியது. பெல் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் ‘மதராஸ் காலேஜ்’ என்ற பள்ளி அவர் கொடுத்த பணத்தில் எழுந்து, இன்றும் அதே பெயரில் நடக்கிறது. 1832-ல் இறந்த பெல்லை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள்.

நம் திண்ணைப் பள்ளியை வெள்ளையரில் ஒருவராவது ஒப்புக்கொண்டார்களா?

ஒப்புக்கொண்டார்கள். 1822-ல் மதராஸ் கவர்னர் தாமஸ் மன்றோ மாகாணம் முழுக்க நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 12,498 பள்ளிகள் இருப்பதாகக் கணக்கு வந்தது. அந்தக் கணக்கெடுப்புக்கு 1823-ல் பதில் எழுதிய பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல், தேர்ந்த மாணவர் மற்றவர்க்குக் கற்பிக்கும் நாட்டு முறை பாராட்டத்தக்கது, இங்கிலாந்து அதைப் பின்பற்றியதும் தகும் என்று எழுதினார். அதே அறிக்கையில், மக்கள் ஏழைகளாகிப்போனதால் நாட்டுப் பள்ளிகள் அழிந்துவருகின்றன என்றும் எழுதினார். முறை கடல் கடந்து செழித்த காலத்தில், அதைப் பெற்ற திண்ணைகள் இங்கே ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தன. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எழும்பூர் விடுதியில் படித்தவர்கள் என்ன ஆனார்கள்?

பலர் பட்டாளத்தின் பேண்டு வாத்தியக் குழுக்களுக்குப் போனார்கள். சிலர் எழுத்தரானார்கள். நிலத்தை அளக்கப் போனவர்களின் கதை மட்டும் தனி.

1794-ல் மதராஸில் நில அளவைப் பள்ளி ஒன்று தொடங்கியது. இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரியின் ஆதி அதுவே. அதன் முதல் மாணவர்களை எழும்பூர் விடுதியிலிருந்துதான் எடுத்தார்கள். அநாதைப் பையன்கள் சங்கிலியையும் கோணமானியையும் தூக்கிக்கொண்டு மாகாணத்தின் காடு மேடெல்லாம் நடந்தார்கள். 1802-ல் பரங்கிமலை அடிவாரத்தில் லாம்ப்டன் என்ற அதிகாரி தொடங்கிய, நாட்டை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த மாபெரும் முக்கோண அளவைக்கு வலக்கையாக இருந்த ஜோஷுவா டி பென்னிங் அந்த அளவைப் பள்ளியின் மாணவர். 1821-ல் பழனி மலையையும் நீலகிரியையும் அளந்து எழுதிய பி.எஸ். வார்டும் அதே பள்ளியில் பயின்றவர். அவர் அநாதையல்ல, மதராஸ் படை அதிகாரியும் ஓவியருமான ஒருவரின் மகன்.

விடுதி மலையேறியது 1870-களில். ஆனால் அதன் பிள்ளைகளை நம்பித் தொடங்கிய அளவைப் பள்ளி, அரை நூற்றாண்டுக்கு முன்பே தன் மாணவரை இந்த மலைகளுக்கு அனுப்பிவிட்டது. நீலகிரியின் ஆரம்பகால வரைபடங்களைப் பார்க்கும்போது அந்த மணல் வகுப்பறையும் நினைவுக்கு வர வேண்டும்.

லவ்டேல் கட்டடத்தைக் கட்டியது யார்?

ராபர்ட் ஃபெலோஸ் சிசம். மதராஸ் அரசின் ஆலோசனைக் கட்டடக் கலைஞர். சென்னை கடற்கரையில் உள்ள மாநிலக் கல்லூரி, பல்கலைக்கழக செனட் ஹவுஸ், ஊட்டியின் நீலகிரி நூலகம் எல்லாம் அவர் கைவண்ணம். செனட் ஹவுஸுக்கு நம் நாட்டுக் குவிமாடங்களின் சாயலைக் கொடுத்தவர், லவ்டேலுக்கு இத்தாலிய கோதிக் பாணியைத் தேர்ந்தெடுத்தார். வளைவுகள் தொடர்ந்து வரும் நீண்ட தாழ்வாரங்களும், எட்டத்திலிருந்தே தெரியும் கோபுரமும் அதன் அடையாளம். அநாதைப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு மாளிகையா என்று அந்தக் காலத்தில் முணுமுணுத்தவர்கள் இருந்திருக்கலாம். அநாதைப் பிள்ளைக்கும் நல்ல கட்டடம் வேண்டும் என்று நினைத்ததை நான் முழு மனத்தோடு பாராட்டுகிறேன்.

பழைய புத்தகங்களில் ‘லாரன்ஸ் அசைலம் பிரஸ்’ என்று வருகிறதே, அதுவும் இதுதானா?

ஆம். எழும்பூர் விடுதி தன் செலவுக்காகவும், பையன்கள் தொழில் கற்பதற்காகவும் ஓர் அச்சகம் நடத்தியது. விடுதி மலைக்குப் போன பிறகும் அச்சகம் மதராஸிலேயே இருந்தது. இணைப்புக்குப் பின் லாரன்ஸ் பெயரைச் சேர்த்துக்கொண்டது. அது ஆண்டுதோறும் வெளியிட்ட பஞ்சாங்கமும் விலாசத் தொகுப்பும் சேர்ந்த தடித்த நூல் ‘அசைலம் பிரஸ் ஆல்மனாக்’. மதராஸ் மாகாணத்தில் எந்த அலுவலகத்தில் யார் வேலை பார்த்தார், எந்தத் தெருவில் எந்தக் கடை இருந்தது, எந்தத் தோட்டம் யாருடையது என்று தெரிந்துகொள்ள இன்றும் ஆய்வாளர்கள் அதைத்தான் புரட்டுகிறார்கள்.

இராணுவப் பள்ளி என்று சிலர் சொல்கிறார்களே?

ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பின், 1920-களில், ‘லாரன்ஸ் நினைவு ராயல் இராணுவப் பள்ளி’ என்று பெயர் மாறியது. சீருடை, அணிவகுப்பு, எக்காளம், பேண்டு என்று நாள் முழுக்கப் பட்டாள ஒழுங்கு. பையன்கள் படைக்கும், தந்தித் துறைக்கும், ரயில்வேக்கும் போனார்கள். இப்போது அது குடிமக்கள் பிள்ளைகளின் பள்ளி. இருந்தாலும் மே மாதத்தில் நடக்கும் நிறுவனர் விழாவில் கொடியேந்திய அணிவகுப்பும் பேண்டும் உண்டு. பழைய மாணவர்கள் அதற்காகவே வெளிநாட்டிலிருந்தும் வருகிறார்கள்.

அந்தக் காலத்தில் நம் மலைப் பிள்ளைகள் அங்கே படித்தார்களா?

இல்லை. அது பட்டாளத்துப் பிள்ளைகளுக்கான இடம். கூப்பிடு தூரத்தில் இருந்த படுகர் ஹட்டிகளின் (படுகர் ஊர்களின்) பிள்ளைகளுக்கும், தோடர், கோத்தர் பிள்ளைகளுக்கும் அதன் வாசல் திறக்கவில்லை. கல் சுமந்தவர்களும், விறகு வெட்டியவர்களும், சமையல் செய்தவர்களும், துணி வெளுத்தவர்களும் மட்டும் உள்ளே போய் வந்தார்கள்.

நம் பிள்ளைகளுக்கான படிப்பு பள்ளத்தாக்கின் மறுபக்கம், கேத்தியில் தொடங்கியது. காசமேஜர் என்ற ஓய்வுபெற்ற சிவில் அதிகாரி அங்கே குடியேறி, படுகர் பிள்ளைகளுக்குப் பள்ளி வைக்க முயன்றார். 1846-ல் பேசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பினர் வந்தார்கள். காசமேஜர் தம் சொத்தையும் அவர்களுக்கே எழுதிவைத்துவிட்டுப் போனார். அவர்களில் மெட்ஸ் என்ற ஜெர்மானியர் ஹட்டி ஹட்டியாக நடந்து, மக்களோடு மக்களாகப் பேசிப் பழகினார். பக்கத்து மலைச்சரிவில் மாளிகை போன்ற பள்ளி எழும்பும்போது, கேத்தியில் நம் முன்னோர் சின்னக் கூரையின் கீழ் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டையும் ஒரே பள்ளத்தாக்கின் கல்வி வரலாறாகச் சேர்த்து எழுத வேண்டும்.

1947-க்குப் பிறகு என்ன நடந்தது?

பிரிட்டிஷ் படை போனது. அதோடு பள்ளியின் பழைய நோக்கமும் போனது. 1949-ல் மத்திய அரசின் கல்வி அமைச்சகம் பள்ளியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து மதம், இனம் பாராமல் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் சேரலாம் என்று ஆனது. எழுத்தாளர் அருந்ததி ராய் இங்கே படித்தவர் என்பது பலரும் அறிந்தது.

அப்படியானால் இது அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா?

முழுக்க அதுவும் இல்லை, இதுவும் இல்லை. தன்னாட்சி பெற்ற ஒரு சங்கம் பள்ளியை நடத்துகிறது. அதன் நிர்வாகக் குழுவில் மத்திய கல்வி அமைச்சகத்துக்கு இடம் உண்டு. பாடத்திட்டம் சி.பி.எஸ்.இ. செலவைப் பெரும்பாலும் பெற்றோர் கட்டும் கட்டணம் தாங்குகிறது. ஆகவே பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்களுக்கு அது கட்டணம் வாங்கும் விடுதிப் பள்ளியாகத்தான் தெரியும். கட்டண விவரமும் நுழைவுத் தேர்வு விவரமும் ஆண்டுதோறும் மாறும். பள்ளி அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

லவ்டேலுக்குள்ளேயே பல வளாகங்கள் இருக்கின்றனவா?

ஒரே மலைச்சரிவில் சிறுவர் பகுதி, நடுநிலைப் பகுதி, பெண்கள் பகுதி, மூத்தோர் பகுதி என்று தனித்தனியாக இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக ஏற்ற இறக்கத்தில் நன்றாக நடக்க வேண்டும். ஆடி மாதச் சாரலிலும், மார்கழி உறைபனியிலும் அப்படி நடந்தே வளர்கிறார்கள் அந்தப் பிள்ளைகள்.

இந்த மலைகளின் மற்ற பழைய பள்ளிகளும் இப்படி இடம் மாறியவைதானா?

பல பள்ளிகள் அப்படித்தான். ஹெப்ரான் பள்ளி 1899-ல் குன்னூரில் தொடங்கி, பின்னாளில் பெண்கள் பள்ளியாக இருந்தது. 1970-களில் ஊட்டியின் லஷிங்டன் ஆண்கள் பள்ளியோடு சேர்ந்து ஊட்டிக்கே வந்துவிட்டது. கேத்தியில் உள்ள லெய்ட்லா நினைவுப் பள்ளி பழனி மலைக்குச் சொந்தக்காரப் பிள்ளை: வறிய ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்காகக் கொடைக்கானலில் 1914-ல் தொடங்கிய செயின்ட் ஜார்ஜ் இல்லம்தான் பிறகு கேத்திக்குப் பெயர்ந்தது. கொடைக்கானலில் 1901-ல் மிஷனரிப் பிள்ளைகளுக்காக ஏரிக்கு அருகே தொடங்கிய ஹைகிளார்க் பள்ளி இடம் மாறவில்லை, பெயரும் ஆட்களும் மாறினார்கள். இன்று கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. 1976-ல் இந்தியாவிலேயே முதலாவதாகச் சர்வதேச பாக்கலரியேட் (ஐ.பி.) என்ற பன்னாட்டுப் பாடத்திட்டப் படிப்பைத் தொடங்கியது அதுதான்.

உள்ளே போய்ப் பார்க்கலாமா?

பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இடம் என்பதால் முன் அனுமதி இல்லாமல் விட மாட்டார்கள். அது சரியானதும்கூட. லவ்டேல் நிலையத்தில் இறங்கி, சுற்றிலும் உள்ள சாலைகளில் நடந்தாலே ஊரின் அமைப்பு பிடிபட்டுவிடும்.

எங்கள் கொள்ளுத்தாத்தா அங்கே படித்ததாக வீட்டில் சொல்வார்கள். எப்படித் தேடுவது?

ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களிலிருந்து இந்தக் கேள்வி அதிகம் வருகிறது. பிள்ளையின் பெயரைவிடத் தகப்பனின் பெயரும், அவர் இருந்த ரெஜிமெண்டும் முக்கியம்; பட்டாளத்துப் பதிவுகள் தகப்பன் வழியாகத்தான் போகும். பெற்றோர் மணம் செய்த சர்ச்சும், பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த சர்ச்சும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மதராஸ் மாகாணத்து ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆஃபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. அரசாணைகளையும் கடிதப் போக்குவரத்தையும் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் விண்ணப்பித்துப் பார்க்கலாம். வேலைக்குச் சேர்ந்த பிறகு அவர் எங்கே இருந்தார் என்பதை அசைலம் பிரஸ் ஆல்மனாக்கின் பெயர்ப்பட்டியலில் ஆண்டு ஆண்டாகத் தேடுங்கள். தாயின் பெயர் எங்கேயாவது ஓரிடத்தில் கிடைத்தால், அதையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.